12 புள்ளி முன்னிலை எங்கே போனது? நியூகாஸில், 1995-96

கால்பந்து ரசிகர்களிடம் முடிவே இல்லாத சில வழக்குகள் உண்டு. அதில் ஒன்று நியூகாஸில் யுனைடெட்டின் 1995-96 சீசன். ஜனவரி 20, 1996 அன்று போல்டனை 2-1 என வென்றபோது, 23 ஆட்டங்களில் 54 புள்ளிகளோடு அவர்கள் இங்கிலாந்து பிரீமியர் லீகின் உச்சியில் இருந்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டைவிட 12 புள்ளி அதிகம். மே 5 அன்று சீசன் முடிந்தபோது மான்செஸ்டருக்கு 82, நியூகாஸிலுக்கு 78. கோப்பை கை நழுவிப் போனது.

அந்த 12 புள்ளியைத் தொலைத்தது யார்? முப்பது வருஷமாக மூன்று பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, சீசன் நடுவில் வந்து சேர்ந்த கொலம்பியா வீரர் ஃபௌஸ்டினோ அஸ்பிரியா. இரண்டு, ஓட்டை விழுந்த டிஃபென்ஸ். மூன்று, மேனேஜர் கெவின் கீகன் நிதானம் இழந்தது. இந்த மூன்றையும் சோதித்துப் பார்க்கலாமே என்று அந்த சீசனின் 38 ஆட்டங்களையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, முதல் 23, கடைசி 15 என்று பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். கிடைத்தது நான்காவதாக ஒரு பதில். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூகாஸில் கடைசியாக லீக் பட்டம் வென்றது 1927-ல். 1955 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு உள்நாட்டில் பெரிய கோப்பை எதுவும் கிடையாது. 1992 பிப்ரவரியில் கீகன் பொறுப்பேற்றபோது, அணி மூன்றாம் நிலைக்கு விழும் ஆபத்தில் இருந்தது. அதைக் காப்பாற்றி, அடுத்த வருஷமே பிரீமியர் லீகுக்குக் கொண்டுவந்து, 1993-94-ல் மூன்றாம் இடம் வரைக்கும் கொண்டுபோனார். அந்த சீசனில் ஆண்டி கோல் மட்டும் லீகில் 34 கோல் அடித்தார். ஊரே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

அந்தக் கோலைத்தான் 1995 ஜனவரியில், சீசன் நடுவில், போயும் போயும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றார் கீகன். 60 லட்சம் பவுண்டு ரொக்கம், கூடவே கீத் கில்லெஸ்பி என்கிற இளம் விங்கர். செய்தி கேட்ட ரசிகர்கள் கொதித்துப்போய் செயின்ட் ஜேம்ஸ் பார்க் வாசலில் கூடிவிட்டார்கள். கீகன் என்ன செய்தார் தெரியுமா? அறிக்கை விட்டுவிட்டு ஒதுங்கவில்லை. நேராக வாசல் படிக்கட்டில் வந்து நின்று, ஏன் விற்றேன் என்று அவர்களிடம் வாதாடினார். இன்றைக்கு எந்தப் பெரிய அணியின் மேனேஜராவது இப்படிச் செய்வாரா என்பது சந்தேகம்தான்.

அந்த வாதத்துக்கான தீர்ப்பு பத்து மாதத்தில் தலைகீழாக மாறியது. 1995 கோடையில் லெஸ் ஃபெர்டினாண்ட், டேவிட் ஜினோலா, வாரன் பார்ட்டன், கோல்கீப்பர் ஷாகா ஹிஸ்லாப் எல்லோரும் வந்தார்கள். இடது ஓரத்தில் ஜினோலா, வலது ஓரத்தில் கில்லெஸ்பி, நடுவில் தலையால் முட்ட ஃபெர்டினாண்ட், அவருக்குப் பின்னால் பீட்டர் பியர்ட்ஸ்லி. அந்த சீசனில் ஃபெர்டினாண்ட் லீகில் 25 கோல் அடித்தார், மான்செஸ்டரில் கோல் அடித்தது 11. ஜனவரியில் பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்த முடிவு, டிசம்பரில் தீர்க்கதரிசனமாகத் தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மனிதரின் அடுத்த நடு-சீசன் முடிவுக்கு நேர் எதிரான கதி வந்தது.

1996 பிப்ரவரியில் இத்தாலியின் பார்மா அணியிலிருந்து சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு அஸ்பிரியாவை வாங்கினார் கீகன். பனி கொட்டும் நாளில் பெரிய ரோமக்கோட்டு போட்டுக்கொண்டு அவர் வந்து இறங்கிய படம் இன்றைக்கும் பிரபலம். முன்னிலையில் இருக்கும் அணியில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், எதற்கு எஞ்சினை மாற்ற வேண்டும்? இதுதான் அன்றைய கேள்வி. அவருக்கு இடம் கொடுக்கக் கில்லெஸ்பி வெளியே போனார், பியர்ட்ஸ்லி வலது பக்கம் நகர்ந்தார். ஓரத்திலிருந்து ஃபெர்டினாண்டுக்கு வந்துகொண்டிருந்த பந்துகள் குறைந்தன. அதோடு ஆட்டம் போச்சு. அஸ்பிரியா மேல் குற்றம் சாட்டுகிறவர்களின் வாதம் இவ்வளவுதான்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் 23 ஆட்டங்களில் நியூகாஸில் அடித்தது 45 கோல். கடைசி 15-ல் 21. சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு கோல் அடித்துக்கொண்டிருந்த அணி, ஒன்றரைக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனால் அஸ்பிரியா என்ன செய்தார் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. பிப்ரவரி 10, மிடில்ஸ்பரோ ஆட்டம். அணியோடு ஒழுங்காகப் பயிற்சி கூட எடுக்கவில்லை. 0-1 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஸ்டீவ் வாட்ஸனுக்கு ஒரு கோல் அமைத்துக் கொடுத்தார். நியூகாஸில் 2-1 என்று வென்றது. மான்செஸ்டர் சிட்டியோடு 3-3 டிரா ஆன ஆட்டத்தில் ஒரு கோல். அதே ஆட்டத்தில் எதிரணியின் கீத் கர்லோடு மோதி, சங்கத்தின் நடவடிக்கையையும் வாங்கிக்கொண்டார், அதுவும் உண்மை. வெஸ்ட் ஹாமை 3-0 என்று வென்றதில் ஒரு கோல். ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 4-3 என்று தோற்ற அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தில், 3-2 என்று முன்னிலை தந்த கோல் அவருடையதுதான். அவர் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் சில புள்ளிகள் போயிருக்கலாம் என்று வாதாடவும் இடம் இருக்கிறது.

சரி, டிஃபென்ஸ்? கீகனின் அணி அடிக்கும், ஆனால் தடுக்காது என்பது இன்றுவரை பேசப்படும் பேச்சு. கணக்கைப் பாருங்கள். 38 ஆட்டங்களில் நியூகாஸில் வாங்கிய கோல் 37. பட்டம் வென்ற மான்செஸ்டர் வாங்கியது 35. வித்தியாசம் வெறும் இரண்டு. கடைசி ஐந்து ஆட்டங்களின் முடிவுகளோ 1-0, 1-0, 1-0, 1-1, 1-1. ஐந்து ஆட்டத்தில் வாங்கியது இரண்டே கோல். தடுக்கத் தெரியாத அணி இப்படி ஆடாது.

மூன்றாவது, கீகனின் நிதானம். ஏப்ரல் 29 அன்று லீட்ஸை வென்ற கையோடு, தொலைக்காட்சிப் பேட்டியில் காதில் ஹெட்போனோடு, விரலை நீட்டி, மான்செஸ்டர் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் மேல் அவர் பொரிந்து தள்ளினார். அந்த நிமிஷம்தான் நியூகாஸில் உடைந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் தொடர்ந்து மூன்றாவது வெற்றியைப் பெற்றிருந்தார்கள். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தது இரண்டு ஆட்டம். இரண்டிலும் டிரா. இரண்டையும் வென்றிருந்தால் 82 புள்ளி, மான்செஸ்டருக்குச் சமம். அப்போது கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். மான்செஸ்டருக்கு 38, நியூகாஸிலுக்கு 29. ஆக, அந்த இரண்டையும் சாதாரணமாக வென்றிருந்தாலும் கோப்பை வந்திருக்காது. அந்தப் பேட்டி நல்ல தொலைக்காட்சி, அவ்வளவுதான். காரியம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

எப்போது முடிந்தது? பிப்ரவரி 21-க்கும் ஏப்ரல் 8-க்கும் நடுவில். அந்த ஏழு வாரத்தில் இரண்டு அணிகளும் ஆளுக்கு எட்டு ஆட்டம் ஆடின. நியூகாஸில் 2 வெற்றி, 1 டிரா, 5 தோல்வி: 7 புள்ளி. மான்செஸ்டர் 7 வெற்றி, 1 டிரா: 22 புள்ளி. பதினைந்து புள்ளி இடம் மாறியது இங்கேதான்.

இப்போது அந்த ஐந்து தோல்வியும் எங்கே நடந்தன என்று பாருங்கள். வெஸ்ட் ஹாம், ஆர்சனல், லிவர்பூல், பிளாக்பர்ன் நான்கும் வெளி மைதானம். சொந்த மண்ணில் தோற்றது மார்ச் 4 அன்று மான்செஸ்டரிடம் மட்டும். முதல் பாதி முழுக்க நியூகாஸில் முற்றுகை போட, பீட்டர் ஷ்மைக்கேல் எல்லாவற்றையும் தடுக்க, இடைவேளைக்குப் பிறகு எரிக் கான்டோனா ஒரே ஒரு கோல் அடித்துவிட்டுப் போனார்.

என் தாளில் நான் அடுத்துப் போட்ட கோடுதான் முக்கியம்: சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரித்தேன். போல்டன் ஆட்டம் வரைக்கும், அதாவது அந்த 12 புள்ளி முன்னிலை இருந்த நாள் வரைக்கும், நியூகாஸில் சொந்த மைதானத்தில் ஆடியது 12. வென்றதும் 12. 36-க்கு 36 புள்ளி. வெளியே ஆடியது 11: 5 வெற்றி, 3 டிரா, 3 தோல்வி. 33-க்கு 18. அந்த மூன்று தோல்வியிலும், சவுத்தாம்ப்டன், செல்சி, மான்செஸ்டர், ஒரு கோல் கூட அடிக்கவில்லை. அப்போது அஸ்பிரியா இத்தாலியில் இருந்தார்.

வெளியே கிடைத்த அந்த ஐந்து வெற்றிகளும் யாருக்கு எதிராக? போல்டன், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், கவென்ட்ரி, ஷெஃபீல்ட் வென்ஸ்டே, எவர்ட்டன். இதில் எவர்ட்டன் தவிர மற்ற நான்கும் சீசன் முடிவில் பட்டியலின் கடைசி ஆறு இடங்களுக்குள் வந்தவை. மறுபக்கம் ஆர்சனல், லிவர்பூல், பிளாக்பர்ன் மூன்றையும் இலையுதிர் காலத்தில் தொடங்கி ஜனவரிக்குள் சொந்த மைதானத்தில் வென்றாகிவிட்டது. அந்த அணிகளின் ஊருக்குப் போக வேண்டிய பயணங்கள் எல்லாம் வசந்த காலத்துக்கு மிச்சம் இருந்தன.

அப்படின்னா அந்த 12 புள்ளி என்பது என்ன? சுலபமான பாதியை முதலில் முடித்துவிட்டதால் வந்த தோற்றம் அதில் கணிசமாக இருந்தது. முதலில் சமவெளி, பிறகு மலை. சமவெளியில் வந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் கணக்குப் போட்டார்கள். மலை ஏறும்போது வேகம் குறைந்ததும், நடுவில் வண்டியில் ஏறிய ஆள் யார் என்று தேடினார்கள். வெளியே கடைசி எட்டு ஆட்டங்களில் 24-க்கு 8 புள்ளிதான் வந்தது. சரிவு உண்மைதான். ஆனால் புதிதாகத் தொற்றிய நோய் இல்லை, முன்பே இருந்த பலவீனம் கடினமான எதிரிகளிடம் முற்றியது.

இதைச் சொல்லும்போது மான்செஸ்டரை மறந்துவிடக் கூடாது. ஜனவரி 1 அன்று டாட்டன்ஹாமிடம் 4-1 என்று உதை வாங்கிய அணி, ஜனவரி 22-லிருந்து 15 ஆட்டங்களில் 13 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. 45-க்கு 40 புள்ளி. மார்ச், ஏப்ரலில் 1-0 என்ற ஆட்டங்களில் கான்டோனா திரும்பத் திரும்ப அந்த ஒரு கோலை அடித்தார். அந்த வேகத்துக்கு முன்னால் 12 புள்ளி என்பது அவ்வளவு பெரிய பாதுகாப்பு இல்லை.

பிறகு ஏன் அஸ்பிரியா? எனக்குத் தோன்றுவது இதுதான். நடு சீசனில் எடுக்கும் முடிவுக்கு ஒரு தேதி உண்டு, ஒரு முகம் உண்டு, ரோமக்கோட்டு போட்ட ஒரு படம் உண்டு. ஆட்ட அட்டவணைக்கு முகம் கிடையாது. நவம்பரில் கிடைத்த சுலபமான மூன்று புள்ளியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏப்ரலில் தொலைத்த மூன்று புள்ளிக்கு மட்டும் குற்றவாளி தேவைப்படுகிறார். கோலை விற்றபோது அடுத்த சீசனின் வெற்றிகள் கீகனை விடுதலை செய்தன. அஸ்பிரியாவை வாங்கியபோது தோல்விகள் அவரைத் தண்டித்தன. இரண்டு முறையும் முடிவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, முடிவுக்குப் பின்னால் வந்த முடிவைத்தான் பார்த்தார்கள்.

அதனால்தான் படிக்கட்டில் நடந்த அந்த 1995 ஜனவரி வாதத்தை நான் அதிகம் மதிக்கிறேன். அங்கே நின்றவர்கள் யாருக்கும் பின்கதை தெரியாது. கோபத்தோடு கேட்டார்கள், அவரும் கையில் இருந்த காரணத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னார். சீசன் நடுவில் ரசிகர்கள் போடும் சண்டையில் சத்தம் அதிகம்தான், ஆனாலும் நேர்மை இருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு சொல்லும் கதைதான் அடுக்காக இருக்கும், அதனாலேயே எச்சரிக்கையோடு கேட்க வேண்டியதும் அதுதான்.

கீகன் 1997 ஜனவரி 8 அன்று, மறுபடியும் ஒரு சீசன் நடுவில், விலகிப் போனார். நியூகாஸில் அந்த வருஷமும் இரண்டாம் இடம். உள்நாட்டுக் கோப்பைக்கான காத்திருப்பு முடிந்தது 2025 மார்ச் 16 அன்று, வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்றபோது. 70 வருஷம். லீக் பட்டத்துக்கான காத்திருப்பு மட்டும் இன்னும் 1927-லிருந்தே எண்ணப்படுகிறது.