தண்டட்டி திரைப்படமும் கைரேகைச் சட்டமும்

தண்டட்டி 2023 ஜூன் 23 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். ராம் சங்கையா இயக்கிய இப்படத்தில் பசுபதி, ரோகிணி, விவேக் பிரசன்னா, தீபா சங்கர், அம்மு அபிராமி ஆகியோர் நடித்துள்ளனர். தேனி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட இப்படம், சாவு வீட்டில் நடக்கும் ஒரு திருட்டை இருண்ட நகைச்சுவையாகச் சொல்கிறது.

கதை

கிடாரிப்பட்டி மக்கள் தங்கள் ஊருக்குள் காவலர்களை விடுவதில்லை. காணாமல் போன தங்கப்பொண்ணு என்ற மூதாட்டியைத் தேடி, ஓய்வு பெறவிருக்கும் தலைமைக் காவலர் சுப்பிரமணி அவ்வூருக்குப் போக நேர்கிறது. மூதாட்டி இறந்துவிடுகிறார். ஒப்பாரிக்கு நடுவே பிணத்தின் காதிலிருந்த தண்டட்டி மறைந்துபோகிறது. மகள்களும் குடிகார மகனும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட, துக்க வீடு விசாரணைக் களமாகிறது. அந்த நகைக்குப் பின்னால் தங்கப்பொண்ணுவின் இளமைக் காலக் காதல் இருப்பது பிற்பகுதியில் தெரியவருகிறது.

அணிகலன்

தண்டட்டியும் பாம்படமும் தென்மாவட்டப் பெண்கள் காது வளர்த்து அணிந்த நகைகள். சிறு வயதிலேயே காது குத்திக் கனமான பொருளைத் தொங்கவிட்டுத் துளையைப் பெரிதாக்குவர். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு இதுவே கையிருப்பு. நினைத்தபோது அடகு வைக்கக்கூடிய சொத்து. அதனாலேயே காதை அறுத்து நகையைப் பறிக்கும் குற்றங்களும் நடந்தன. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் மறைந்தபோது, பெண்கள் பலர் வளர்த்த காதைத் தைத்துச் சிறிதாக்கிக்கொண்டனர்.

வரலாற்றுப் பின்னணி

காவலரை ஊருக்குள் விடாத வழக்கம் படத்தில் சிரிப்புக்கு வழிவகுக்கிறது. ஆனால் இந்நிலப்பகுதியில் காவல் நிலையத்தின் மீதான அச்சத்துக்கு நெடிய வரலாறு உண்டு. தேனி மாவட்டம் 1990களில் பிரிக்கப்படும் வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிறமலைக் கள்ளர் மீது, ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பாய்ச்சியது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கு வந்தது.

தனிமனிதர் செய்த குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட சாதியில் பிறந்ததே போதும். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இதனால் மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்து மக்கள் திரண்டனர். காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர். பின்னர் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்புடன் அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம் போன்றோரும் சட்டத்தை எதிர்த்தனர். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் இந்தியா முழுவதும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அக்காலத்துச் 'சீர்திருத்த' திட்டத்தில் உருவான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பின்னரும் தொடர்ந்தன.

மதிப்பீடு

படத்தின் கதை அந்தச் சட்டத்தின் காலத்தில் நடப்பதன்று. எனினும் அந்த வரலாற்றை அறிந்து பார்ப்பவருக்குக் கிடாரிப்பட்டியின் விலக்கம் வெறும் முரட்டுத்தனமாகத் தோன்றாது. ஊரே குற்றவாளியாகக் கருதப்பட்ட நிலத்தில், ஊர் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்ள முனைவது இயல்பு. அதே மௌனம் ஊருக்குள் பெண்ணுக்கு நேரும் அநீதியையும் மூடிவைக்கிறது. தங்கப்பொண்ணு இறந்த பிறகே அவர் காதலுக்குக் காது கொடுக்க ஓர் ஆள் வருகிறார். அவர் காக்கிச் சட்டை அணிந்தவர்.