‘பிரசென்ட்லி’: ஒரு காலச்சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘பிரசென்ட்லி’ என்னும் வினையடை, அதாவது வினை நிகழும் காலத்தையோ தன்மையையோ உணர்த்தும் அடைமொழி, இன்று சிலரிடத்தில் ‘சற்று நேரத்தில்’ என்றும் சிலரிடத்தில் ‘தற்போது’ என்றும் பொருள்படுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன்போ அது பெரும்பாலும் ‘உடனே’ என்ற பொருளில் வழங்கியது. ‘கண்முன் இருக்கின்ற’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்து, ‘லி’ விகுதி பெற்று இவ்வினையடையாயிற்று.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் 21ஆம் அதிகாரம், இயேசு சபித்த அத்திமரம் பட்டுப்போனதை இச்சொல்லால் குறிக்கிறது. தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ‘உடனே’ என்கிறது. பிற்காலப் பொருளை மட்டும் அறிந்தவர் அந்த ஆங்கில வரியைப் படித்தால், மரம் ஆற அமர வாடியதாகக் கொள்வாராதலின், அற்புதமே அங்கு இல்லாமற் போய்விடும். 1881இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டோர் பழைய சொல்லை நீக்கி ‘இம்மீடியட்லி’ என்று மாற்றினர். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்திலும், ஆவிகளை அழைத்துவரப் பணிக்கப்பட்ட ஏரியல் ‘பிரசென்ட்லியா?’ என்று கேட்க, கண்ணிமைக்கும் நேரத்தில் என்று பிராஸ்பெரோ விடையளிக்கிறான்.

இவ்வாறு தளர்ந்தது இவ்வொரு சொல் மட்டுமன்று. ‘சூன்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றே பொருள்பட்டது. ‘அனான்’, ‘பை அண்ட் பை’ ஆகியவையும் அவ்வழியே தேய்ந்தன. ‘நான்காம் ஹென்றி’ முதற்பாகத்தில், மதுக்கடைப் பணியாளன் பிரான்சிஸ் ஒரு பக்கம் இளவரசனும் மறுபக்கம் அவன் தோழனும் மாறிமாறிக் கூப்பிட, ‘அனான், அனான்’ என்று குரல் கொடுத்துக்கொண்டே எவரிடமும் சென்று சேராமல் தவிக்கிறான். 1598இல் அச்சேறிய அந்நாடகத்தில் அச்சொல் தேய்ந்த விதம் கண்கூடு: சொல்பவர் ‘உடனே’ என வாக்களிக்கிறார், வருபவர் தாமதிக்கிறார், கேட்டுப் பழகியவர் அச்சொல்லுக்குத் தாமதத்தையே பொருளாகக் கொள்கிறார். அகராதிகளைவிட ஏவலரின் கால்களே இங்குப் பொருளை வரையறுத்தன எனலாம்.

‘தற்போது’ என்னும் பொருளோ பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தின் இலக்கிய நடையில் அருகியபோதிலும், ஸ்காட்லாந்திலும் பல வட்டார வழக்குகளிலும் மறையாது நின்றது. அமெரிக்காவிலும் பரவலாக வழங்குகிறது. இந்திய ஆங்கிலத்திலும் வேலை விண்ணப்பங்களில், ஒருவர் இப்போது பணிபுரியும் இடத்தைக் குறிக்க இச்சொல் இயல்பாக வருகிறது. இதனைப் பிழையெனக் கண்டித்த பிரித்தானிய நடைக்கையேடுகள் உண்டு; ‘சற்று நேரத்தில்’ என்பதைவிட இப்பொருள் பழமையானதாகலின் அக்கண்டனம் வரலாற்றொடு பொருந்தாது. ஆயினும், காலக்கெடு குறிக்கும் கடிதத்தில் இச்சொல்லைத் தவிர்த்துத் தேதியை எழுதிவிடுவதே தக்கது.