கடிதப் பெட்டியின் சாவி யாரிடம்?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்த இயங்குதளத்தோடு வந்த 'மெயில்' என்னும் மின்னஞ்சல் மென்பொருளின் காலம் அதற்கு முன்னரே, 2024 டிசெம்பர் 31ஆம் திகதியுடன், முடிந்துபோயிருந்தது. கணினியை மாற்றிக்கொண்ட நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இனி எதைப் பாவிப்பது?"

இக்கேள்வி புதியதல்ல. 2007இலும் 2009இலும் 2012இலும் இதே கேள்வியை உலகெங்கும் கணினி பாவிப்போர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில்கள் சொல்லப்பட்டன. அப்பதில்களுட் பல இன்று பயனற்றுப் போய்விட்டன. எனவே, எந்த மென்பொருள் சிறந்தது என்று கூறுமுன், இம்மென்பொருள்கள் எப்படிப் பிறந்தன, எப்படி மறைந்தன என்பதைத் திரும்பிப் பார்ப்பது நல்லது என்று எண்ணுகிறேன்.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியாகக் கடிதம் அனுப்பும் முறையை அமெரிக்கரான ரே டொம்லின்சன் 1971இல் உருவாக்கினார். பெயரையும் இடத்தையும் பிரிக்கும் அந்தச் சுழி அடையாளம் அவர் தெரிந்தெடுத்ததே. அக்காலத்தில் கடிதங்கள் பல்கலைக்கழகங்களினதும் ஆய்வுகூடங்களினதும் பெருங்கணினிகளிலேயே இருந்தன. வாசிக்க விரும்புபவர் அக்கணினியோடு இணைந்த முனையத்தின் முன் சென்று அமர வேண்டும். தபால் வாசிக்கத் தபாற்கந்தோருக்கே போவதைப் போன்றது அது.

1980களில் தனியாள் கணினிகள் பரவியபோது கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வழி தேவைப்பட்டது. அதற்காக 1984இல் வகுக்கப்பட்ட நெறிமுறைதான் 'பொப்'. அதன் விரிவே 'தபாலக நெறிமுறை' என்பதாகும். இன்றும் வழக்கிலுள்ள அதன் மூன்றாம் பதிப்பு 1988இல் வந்தது. 1986இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 'ஐமாப்' என்ற வேறொரு நெறிமுறையை உருவாக்கினார். பொப் முறையில் கடிதம் உங்கள் கணினிக்கு இறங்கிவிடும். தபாலகத்தில் அதன் பிரதி பொதுவாக எஞ்சாது. ஐமாப் முறையில் கடிதம் தபாலகத்திலேயே, அதாவது வழங்கியிலேயே, இருக்கும். உங்கள் கணினி அதன் நிழலைத்தான் காட்டும். கடிதம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இந்த வேறுபாடு அன்றே எழுப்பிவிட்டது.

1988இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் என்பவர் மக்கின்டொஷ் கணினிக்காக ஒரு மின்னஞ்சல் மென்பொருளை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'யூடோரா'. தபாலகத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ற்றியின் நினைவாகச் சூட்டிய பெயர் அது. 1991இல் குவால்கொம் நிறுவனம் யூடோராவைத் தன்பால் எடுத்துக்கொண்டது. 1990களின் நடுப்பகுதியில் இணையத்துக்குள் நுழைந்த பலருக்கு மின்னஞ்சல் என்றால் யூடோராதான்.

அதே காலத்தில், 1990இல், நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து டேவிட் ஹரிஸ் என்ற தனியொரு மனிதர் 'பெகாசஸ் மெயில்' என்ற மென்பொருளை வெளியிட்டார். அதை இலவசமாகவே கொடுத்தார். கைநூல்களை விற்றுக் கிடைத்த பணத்தில் அதை வளர்த்தார்.

நிலைமை 1997இல் மாறியது. மைக்ரோசொப்ட் தனது இன்ரநெற் எக்ஸ்புளோரர் 4 உலாவியோடு 'அவுட்லுக் எக்ஸ்பிறஸ்' மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தது. 1998இல் வெளிவந்த விண்டோஸ் 98இல் அது உள்ளேயே இருந்தது. வாங்க வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை, நிறுவ வேண்டியதில்லை. கணினியைத் திறந்தால் மேசையில் தயாராக இருக்கும் ஒன்றைவிட்டு வேறொன்றை நாடிச் செல்வோர் சிலரே. இவ்வாறு, பணம் கொடுத்து வாங்கும் யூடோராவின் சந்தை சுருங்கியது. 2007 மே மாதத்துடன் குவால்கொம் அதன் விற்பனையை நிறுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில் டேவிட் ஹரிசும் தாம் ஓய்ந்துவிட்டதாக அறிவித்தார். பாவிப்போர் காட்டிய ஆதரவினால் பின்னர் அவர் பணியைத் தொடர்ந்தார்.

போட்டியாளர்கள் விலகிய பின்னர் அவுட்லுக் எக்ஸ்பிறஸ் நிலைத்து நின்றிருக்க வேண்டும் அல்லவா? அதுவும் நிற்கவில்லை. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவில் அதன் இடத்தை 'விண்டோஸ் மெயில்' பிடித்தது. 2009 ஒக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது, அதில் மின்னஞ்சல் மென்பொருளே இல்லை. 'விண்டோஸ் லைவ் மெயில்' என்பதைத் தனியே இறக்கிக்கொள்ளுமாறு கூறப்பட்டது. 2012இல் விண்டோஸ் 8 'மெயில்' என்ற இன்னொன்றைத் தந்தது. அது பொப் முறையையே ஏற்கவில்லை. கடிதங்களை வீட்டில் வைத்திருந்தோருக்கு அதனால் பயனில்லாமற் போனது. லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10இன் மெயில் 2024இல் முடிந்தது. இப்போது 'புதிய அவுட்லுக்' வந்திருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனம் தன் பாவனையாளரின் கடிதப் பெட்டியை இத்தனை முறை மாற்றியிருக்கிறது.

பெட்டி மாறுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு பெட்டியில் இல்லை, பூட்டில் இருக்கிறது. அவுட்லுக் எக்ஸ்பிறஸ் ஒவ்வொரு கோப்புறையின் கடிதங்களையும் 'டிபிஎக்ஸ்' என்ற தனக்கே உரிய வடிவமுள்ள ஒற்றைக் கோப்பினுள் வைத்தது. வேறு மென்பொருளால் அதை எளிதிற் திறக்க முடியாது. கோப்பு 2 ஜிகாபைட் அளவை எட்டினால் பழுதடையும் அபாயமும் இருந்தது. யூடோராவும் பழைய யூனிக்ஸ் கணினிகளும் பாவித்த 'எம்பொக்ஸ்' முறையோ மிக எளியது. கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எந்த எழுத்துத் தொகுப்பியாலும் அதைத் திறந்து பார்க்கலாம். யூடோராவின் விற்பனை நின்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் மூலநிரலை 2018இல் வெளியிட்டதும் ஒரு நினைவுச் சின்னமாகத்தான். ஆனால் யூடோராவில் சேர்த்து வைத்த கடிதங்களை இன்றும் வாசிக்கலாம். மென்பொருள் இறந்தது, கடிதங்கள் இறக்கவில்லை.

தமிழில் எழுதிய எமக்கு இன்னுமொரு பூட்டு இருந்தது. ஈழத்தவரிடையே பெரிதும் பரவியிருந்த பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகவே தெரியும். கடிதத்தோடு எழுத்துருவையும் இணைத்து அனுப்பிய நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோட்டை ஏற்கத் தொடங்கிய பின்னர், அவுட்லுக் எக்ஸ்பிறசில் அனுப்பும் குறியாக்கத்தை யுனிகோட்டாக மாற்றிக்கொண்டால் எழுத்துரு அனுப்பத் தேவையில்லாமற் போனது. யூடோரா இதிற் பின்தங்கிவிட்டது. யுனிகோட்டை அது உரிய முறையில் ஏற்கவேயில்லை. தமிழர் பலர் அவுட்லுக் எக்ஸ்பிறசில் தங்கியிருந்ததற்கு அது இலவசமாக வந்தது மட்டும் காரணமன்று, இதுவும் ஒரு காரணம். எழுத்தின் பூட்டைத் திறந்து தந்த மென்பொருளே கோப்பின் பூட்டை மாட்டியது என்பது இவ்வரலாற்றின் முரண்.

இரண்டு பூட்டும் இல்லாத ஒன்று 2004 டிசெம்பரில் வந்தது. மொசில்லா நிறுவனத்தின் 'தண்டர்பேர்ட்' முதற் பதிப்பே அது. கடிதங்களை எம்பொக்ஸ் முறையில் வைத்தது, தமிழ் யுனிகோட்டைச் சீராகக் காட்டியது. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தது. அதற்கும் சோதனைக் காலம் வந்தது. 2012 யூலையில், தண்டர்பேர்டில் புதிய முயற்சிகளுக்கு இனி முன்னுரிமை இல்லை என்று மொசில்லா அறிவித்தது. வேறு மென்பொருளாயின் கதை அத்தோடு முடிந்திருக்கும். மூலநிரல் திறந்திருந்தபடியால் தன்னார்வலர்கள் அதைத் தாங்கினார்கள். 2020 ஜனவரியில் அது மொசில்லாவின் கீழ் ஒரு தனித் துணை நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. 2022இல் பாவனையாளர்கள் அதற்கு வழங்கிய நன்கொடை 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் அதிகம். கைவிடப்பட்ட ஒரு மென்பொருளை அதைப் பாவிப்போரே மீட்டெடுத்தது அரிதான நிகழ்ச்சி.

நண்பர்களின் கேள்விக்கு எனது பதில் இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. முகப்பு அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மூன்று விடயங்களைக் கேளுங்கள். கடிதங்கள் எங்கே வைக்கப்படுகின்றன? எந்த வடிவில் வைக்கப்படுகின்றன? வேறிடத்துக்குப் போக விரும்பினால் அவற்றை எடுத்துச் செல்லலாமா? புதிய அவுட்லுக்கில் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சற் கணக்கை இணைத்தால், அக்கடிதங்களின் பிரதிகள் மைக்ரோசொப்டின் வழங்கிகளுக்கும் செல்லக்கூடும். அது சிலருக்கு வசதி. தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காக்கவேண்டிய பத்திரிகையாளருக்கு அது யோசிக்கவேண்டிய விடயம். எனது தெரிவு தண்டர்பேர்ட். பழக்கம் காரணமாக பெகாசசில் இருப்போரை மாறும்படி நான் வற்புறுத்தமாட்டேன்.

இதில் நான் இவ்வளவு கவனம் செலுத்துவதற்குக் காரணம் உண்டு. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தபால் வெளியே வருவதே பெரும்பாடாக இருந்தது. அக்காலத்தில் செய்தி நிறுவனங்கள் வெளியிடாத எத்தனையோ விபரங்கள் சாதாரண மக்களின் மின்னஞ்சல்களாகவே பத்திரிகையாளர்களை வந்தடைந்தன. யார் எங்கே போனார்கள், எந்தக் குடும்பம் எந்த நாளில் இடம்பெயர்ந்தது என்பவற்றுக்கு அவையே சான்று. அவற்றை எழுதியவர்களுள் இன்று இல்லாதவர்களும் உண்டு. அக்கடிதங்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. எங்களைப் போன்றோரின் பழைய வன்தட்டுகளிலும் புலம்பெயர்ந்தோர் வீட்டுக் கணினிகளிலும் டிபிஎக்ஸ் கோப்புகளாக உறங்குகின்றன.

எனவே ஒரு வேண்டுகோள். விண்டோஸ் எக்ஸ்பீ இயங்கும் பழைய கணினி ஒன்று உங்கள் வீட்டு மூலையில் இன்னும் இருந்தால், அதைக் கழிவென்று கொடுத்துவிடுவதற்கு முன்னர் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அவுட்லுக் எக்ஸ்பிறஸ் அதிலேயே இயங்கும்போது கடிதங்களை வெளியே எடுப்பது மிகச் சுலபம். கடிதங்களைத் தெரிந்தெடுத்து ஒரு சாதாரண கோப்புறைக்குள் இழுத்துவிட்டால் ஒவ்வொன்றும் 'ஈஎம்எல்' என்ற தனி உரைக்கோப்பாக வந்து விழும். அவற்றை இன்றைய மென்பொருள்கள் பலவும் வாசிக்கும். பாமினியில் உள்ளவற்றை யுனிகோட்டுக்கு மாற்ற எழுத்து மாற்றிகள் உள்ளன. ஒரு பிரதியை வேறொரு வன்தட்டிலும் வையுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடக்கூடிய வேலை இது.