உருவங்களின் அசைவும் குழந்தைக் கல்வியும்

கேத்திரகணிதம் நெடுங்காலமாக வளர்ந்தோருக்குரிய கலையாகவே கருதப்பட்டு வந்தது. யூக்கிளிட்டின் 'மூலங்கள்' வரைவிலக்கணத்தில் தொடங்கி நிறுவலை நோக்கிச் செல்வது. ஒரு முக்கோணியை மற்றொன்றின்மீது பொருத்திக் காட்டும் முறையை முதற் புத்தகத்தின் நான்காந் தேற்றத்தில் அவர் கையாண்டாரெனினும், வேறு மிகச் சில இடங்களிலேயே அதனைப் பயன்படுத்தினார். உருவங்களை அசைத்து உண்மை காணும் இம்முறை அறிஞரிடையே ஐயத்திற்குரியதாயிற்று. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் அவ்வசைவே குழந்தைக் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்தது.

இம்மாற்றத்திற்கு வழிவகுத்தவர் யேர்மனியரான பிரெட்ரிக் புரோபெல் (1782-1852) ஆவார். இவர் சுவிற்சர்லாந்தில் பெஸ்டலோசியிடம் கல்விமுறையைப் பயின்றார். பின்னர் பேர்லினில் பளிங்குருவியல் அறிஞர் வைஸ் என்பாரின் உதவியாளராகப் பணியாற்றினார். பளிங்குகளின் ஒழுங்கமைப்பிற் கண்ட ஒருமையைக் குழந்தையின் உள வளர்ச்சியிலும் கண்டமையே இவரது தனித்துவம் எனலாம். 1837இல் பிளாங்கன்பேர்க்கில் இவர் தொடங்கிய நிலையம், 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது.

புரோபெலின் 'கொடைகள்' பந்து, கோளம், கனவுரு, உருளை என்னும் திண்மங்களில் தொடங்கித் தட்டையான மரத்தகடுகளை அடைவன. சதுரத்தை மூலைவிட்டத்தின் வழியே பிரித்தால் இரு முக்கோணிகள் தோன்றுவதையும், அவற்றைத் திருப்பிச் சேர்த்தால் வேறொரு முக்கோணியோ இணைகரமோ அமைவதையும் பிள்ளை கையாலேயே அறிந்துகொண்டது. ஒரு பக்கத்துத் தகட்டை நகர்த்தினால் எதிர்ப்பக்கத்துத் தகட்டையும் அவ்வாறே நகர்த்தவேண்டும் என்னும் விதி சமச்சீரைப் புலப்படுத்திற்று. பெயர்ச்சி, சுழற்சி, தெறிப்பு ஆகியவை பெயரறியப்படுமுன்னரே இவ்வாறு பழக்கமாயின.

இவ்விளையாட்டும் அரசியலுக்குத் தப்பவில்லை. 1851இல் பிரசிய அரசு இந்நிலையங்களை நாத்திகமும் சமவுடைமையும் பரப்புவன எனக் கூறித் தடைசெய்தது. புரோபெலின் உறவினரான கார்ல் புரோபெலின் கருத்துகள் இவர்மேற் சுமத்தப்பட்டமையே இதற்குக் காரணமென்பர். அடுத்த ஆண்டிலேயே புரோபெல் மறைந்தார். தடை நீங்கியது 1860இல்தான்.

எனினும் அவரது முறை கடல் கடந்தது. குழந்தைகளின் காகித மடிப்புக் கொடையிலிருந்து எண்ணம் பெற்று, சுந்தர ராவ் என்பார் காகித மடிப்பால் கேத்திரகணிதம் பயிற்றும் ஆங்கில நூலொன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். மடிப்புக்கோடே தெறிப்பின் அச்சாதலால், கவராயமின்றியே ஒருங்கிசைவை அம்முறையாற் காட்டமுடிந்தது. யேர்மனியக் கணித அறிஞர் பீலிக்ஸ் கிளைன் இந்நூலைத் தம் நூலொன்றிற் குறிப்பிட்டார். 1901இல் அது சிக்காகோவில் மறுபதிப்புப் பெற்றது. உருமாற்றத்தின்போது மாறாதிருக்கும் பண்புகளை ஆராய்வதே கேத்திரகணிதம் என 1872இல் உரைத்தவரும் இதே கிளைன் என்பது கருதத்தக்கது.

அடிப்பக்கம் கிடையாக வரையப்பட்ட சதுரத்தை மட்டுமே கண்டு பழகிய பிள்ளை, அது சரிந்து நிற்கையில் அதனைச் சதுரமென ஏற்கத் தயங்குவதுண்டு. அத்தயக்கம் பிள்ளையின் குறையன்று. அசையாத உருவத்தை மட்டுங் காட்டிய பயிற்றலின் குறையே. உருவத்தின் பெயரை ஒப்புவிப்பதிலும், மாறும் நிலைகளுக்கிடையே மாறாததைக் காண்பதே கல்வி என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.