மௌனமும் ஒரு தகவலே

தெல்லிப்பழை வீட்டுக் கணினியை இன்னொரு கணினியிலிருந்து நிமாப் மென்பொருளால் சோதித்தேன். 1997 செப்டெம்பரில் ஃபிராக் இதழில் வெளியான கருவி அது. போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும்.

'திறந்தது' எனில் உள்ளே ஒரு சேவை காத்திருக்கிறது. 'மூடியது' எனில் மறுப்பு வந்திருக்கிறது. மறுக்கவும் ஆள் வேண்டுமல்லவா? 'வடிகட்டப்பட்டது' எனில் பதிலே இல்லை; இடையில் தீச்சுவர் மறித்து நிற்கலாம். 1990இல் இடம்பெயர்ந்த எம்மூரார் பலருக்கு, உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வீடுகள் பற்றி ஆண்டுக்கணக்காகச் சேதியில்லை. அதனால் வீடே இல்லையென முடிவுகட்டினோமா?

என் கணினியில் 445 திறந்திருந்தது. 2017 மே மாதம் வன்னாகிரை புழு உலகெங்கும் புகுந்த வாசல் அது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது; நிறுவாதோர் அகப்பட்டனர். கோப்புப் பகிர்வு எனக்குத் தேவையில்லை. அன்றே நிறுத்திவிட்டேன்.