பூவேலைப் பத்திரம்



பாரிஸில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், உங்களுக்குப் பழைய காகிதம்னா பிடிக்குமே" என்று ஒரு தாளைத் தந்தான். 1906-இல் ரஷ்யப் பேரரசு வெளியிட்ட கடன் பத்திரம். மதிப்பு 187 ரூபிள் 50 கோபெக், அதாவது 500 பிராங்க். ஆண்டுக்கு 5 சதவீத வட்டி.

இரண்டு நாளாக அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் (சமையல் தாமதம் என்று வீட்டில் புகார்). ஓரத்துக் கோடுகள் நம் சிக்குக் கோலம் மாதிரி. எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாது. அந்தக் காலத்தில் இத்தகைய கோடுகளை உலோகத் தகட்டில் கடைசல் எந்திரம் கொண்டு இழைத்தார்கள். அழகு மட்டும் நோக்கமல்ல. கள்ளப் பத்திரம் அடிப்பவன் பார்த்து வரைந்தால் ஏதாவது ஒரு வளைவில் பிசகிவிடுவான். பல பத்திரங்களில் இடது ஓரம் ஒரு பூவேலைப் பட்டை இருக்கும். அதை நடுவே நெளிநெளியாக வெட்டி, ஒரு பாதியை அடிக்கட்டையில் வைத்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள்.

வெளித் திருடனுக்கு இவ்வளவு பூட்டு! கடன் வாங்கியவனே கைவிரித்தால்?

ஜப்பானிடம் போரில் தோற்று, 1905 புரட்சியில் ஆட்டம் கண்ட ஜார் அரசு வாங்கிய கடன் இது. பாரிஸ் பத்திரிகைகள் பலவற்றுக்குப் பணம் கொடுத்து ரஷ்யாவைப் பற்றி நல்லபடி எழுத வைத்தது பின்னால்தான் அம்பலமானது. சாதாரணக் குடும்பங்கள் சேமிப்பைப் போட்டன. ஆறு மாதத்துக்கு ஒரு கூப்பனைக் கத்தரித்துக் கொடுத்து வட்டி வாங்கினார்கள். 1918 பிப்ரவரியில், ஜார் காலத்துக் கடன்கள் செல்லாது என்று சோவியத் அரசு அறிவித்துவிட்டது. 1996-இல்தான் பிரான்ஸுக்கு 40 கோடி டாலர் தர ரஷ்யா ஒப்புக்கொண்டது. என்னிடமுள்ள தாளில் மிச்சக் கூப்பன்கள் வெட்டப்படாமல் வரிசையாக நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாருக்கோ வராமல் போன வட்டி.

எங்கள் பீரோவிலும் ஒரு பத்திரம் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு நிதி நிறுவனத்தில், மகள் கல்யாணத்துக்கென்று என் சேமிப்பில் பாதியைப் போட்டோம். தங்க நிற ஓரம், தாமரையில் லட்சுமி. அதைப் பார்த்து நம்பினேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. கம்பெனி மூடிவிட்டது. நேற்று அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சாதாரண ஆப்செட் அச்சு. லட்சுமியின் முகமே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

உங்கள் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஓரம் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.