விழுப்புரம் வரை வந்த மின்தொடர்வண்டியும் எண்ணெய் விலையேற்றமும்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதை, இந்தியாவின் மீட்டர் பாதைகளில் மின்மயமாக்கப்பட்ட ஒரே தடமாக இருந்தது. எழும்பூரிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ. தொலைவில் உள்ளது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் மலிவாக விற்ற 1960களில் இந்த மின்பாதை அமைக்கப்பட்டது. எண்ணெய் விலை பலமடங்கு உயர்ந்த பின்னரோ, விழுப்புரத்தைத் தாண்டித் திருச்சி வரை மின்கம்பி செல்ல முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மாற்று ஆற்றலுக்கு எப்போது ஆயத்தமாக வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

நிலக்கரியிலிருந்து மின்சாரத்திற்கு

இப்பாதை 1870களில் போடப்பட்டது. நீராவி இன்ஜின்களுக்கு வேண்டிய நிலக்கரி வங்காளம், பீகார் பகுதிச் சுரங்கங்களிலிருந்து நெடுந்தொலைவு கொண்டுவரப்பட்டது. எனவே தென்னிந்திய இரயில்வேக்கு எரிபொருள் எப்போதுமே பெருஞ்செலவாக இருந்தது. 1931இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே மின்தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. 1960களின் நடுவில் மின்கம்பி திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் வந்தது. ஜப்பானில் செய்யப்பட்ட மின் இன்ஜின்கள் இத்தடத்தில் ஓடின.

விழுப்புரத்திற்குத் தெற்கே மின்கம்பி இல்லை. ஆகவே அங்கு மின் இன்ஜினைக் கழற்றிவிட்டு நீராவி இன்ஜினை மாட்டுவார்கள். பிற்காலத்தில் அதற்குப் பதிலாக டீசல் இன்ஜின் மாட்டப்பட்டது. தென் மாவட்டப் பயணிகளுக்கு விழுப்புரம் என்றாலே "இன்ஜின் மாற்றும் ஊர்" என்ற நினைவு இதனால் வந்ததே.

நெய்வேலியின் பங்கு

அக்காலத்தில் விழுப்புரம், திண்டிவனம், நெய்வேலி ஆகிய மூன்று ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட அனல்மின் நிலையம் 1962 முதல் மின்சாரம் தந்தது. நிலக்கரியோ எண்ணெயோ வெளியிலிருந்து வராமல், உள்ளூர் மண்ணிலிருந்தே மின்சாரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அது அளித்தது.

1973ஆம் ஆண்டின் அதிர்ச்சி

1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர் மூண்டது. சுமார் 3 டாலருக்கு விற்ற ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், 1974 சனவரியில் 12 டாலரை நெருங்கியது. 1979இல் ஈரானில் நடந்த புரட்சியை ஒட்டி விலை மீண்டும் உயர்ந்தது. தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்த இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது.

இருந்தும் விழுப்புரத்திற்குத் தெற்கே டீசலின் பயன்பாடு குறையவில்லை. நீராவி இன்ஜின்கள் ஓய்வுபெற ஓய்வுபெற, அவற்றின் இடத்தில் டீசல் இன்ஜின்களே வந்தன. மின்மயமாக்கலுக்குக் கம்பி, கம்பம், துணைமின் நிலையம் என முதலிலேயே பெருந்தொகை வேண்டும். டீசலுக்கு இன்ஜின் வாங்கினால் போதும். எரிபொருள் செலவு பிறகு சிறுகச் சிறுக வரும். தொடக்கச் செலவுக்கு அஞ்சினால் அன்றாடச் செலவு பல ஆண்டுகளுக்குத் தொடரும் என்பதே இதில் உள்ள சிக்கல். மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறிய பிறகு, 2010இல்தான் விழுப்புரம் – திருச்சி தடம் மின்மயமானது.

காற்றும் கதிரவனும்

மின்சாரத்திற்கு மாறிவிட்டால் மட்டும் போதுமா? பழுப்பு நிலக்கரியும் ஒருநாள் தீரக்கூடியது. அதை எரித்தால் கரிவளி பெருகும். அதைத் தோண்டுவதற்கு விளைநிலத்தை இழக்க நேரும். மின்சாரம் எதிலிருந்து பிறக்கிறது என்பதும் முக்கியம்.

இதற்கான விடையின் ஒரு பகுதி இதே மாவட்டத்தில் உள்ளது. வானூர்ப் பகுதியில் 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், நிலத்தடி நீரை இறைக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1997இல் அமைந்த சூரியச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவக் கண்ணாடிப் பரப்பு உள்ளது. அது வெயிலைக் குவித்து நீராவியை உண்டாக்க, ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்க முடிகிறது. வானம் மேகமூட்டமாக இருக்கும் நாள்களுக்கு அங்கும் டீசல் கொதிகலன் துணை உண்டு. மாற்று ஆற்றலின் வலிமை, வரம்பு இரண்டையும் மாணவர்கள் அங்கு நேரில் காணலாம்.

முடிவுரை

2008இல் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி 120 டாலரைத் தாண்டியது. ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் மாற்று ஆற்றல் பற்றிய பேச்சு எழுகிறது. விலை இறங்கியதும் அது அடங்கிவிடுகிறது. விழுப்புரம் வரையிலான மின்பாதையோ விலையேற்றத்திற்கு முன்பே போடப்பட்டது. அதனால்தான் 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, திண்டிவனம் வழியாக ஓடிய மின்தொடர்வண்டிகள் எண்ணெயை நம்பியிருக்கவில்லை. வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்னும் முதுமொழி ஆற்றல் துறைக்கும் பொருந்தும்.